குரல்நாண் முடிச்சு: வாயை மூடினால் மட்டும் போதாது

மண்வெட்டி பிடிக்கும் உள்ளங்கை காய்த்துப் போவதுபோல, குரல்நாண்கள் இரண்டும் ஓயாமல் மோதும் இடத்தில் விழும் காய்ப்புதான் முடிச்சு. பெண் குரலில் அவை நொடிக்கு ஏறக்குறைய 200 தடவை மோதுகின்றன. தமிழ்ப்பள்ளி ஆசிரியைகள், பாடகிகள், சந்தையில் கூவி விற்பவர்கள் தொண்டை கம்மி வந்து நிற்பது இதனால்தான். இது புற்றுநோய் அல்ல. பெரும்பாலும் அறுவை இல்லாமலே குரல் தேறிவிடும்.

ஆனால் கரகரப்பை வைத்தே ‘முடிச்சுதான்’ என்று முடிவுகட்டக் கூடாது. நீர்க்கட்டி, பாலிப் எனும் சதை வளர்ச்சி, புற்று எல்லாமே காதுக்கு ஒரே மாதிரிதான் கேட்கும். கம்மல் 4 வாரம் தாண்டினால் அரசாங்கக் கிளினிக்கில் கடிதம் வாங்கி, காது மூக்கு தொண்டை நிபுணரிடம் குழாய்க் கேமரா வைத்துப் பார்த்துவிடுங்கள். புகைப்பவர்களும், விழுங்கச் சிரமம், கழுத்தில் கட்டி, இருமலில் ரத்தம் உள்ளவர்களும் அந்த 4 வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

அதிகம் பேர் தவறுவது மௌனத்தில். பள்ளி விடுமுறையில் இரண்டு வாரம் பேசாமல் இருந்தால் வீக்கம் வடியும், குரலும் தெளியும். பள்ளி திறந்ததும் மின்விசிறி இரைச்சலுக்கு மேல் அதே தொண்டையைக் கிழித்துக் கத்தினால் பழைய கதைதான். ஓய்வு வீக்கத்தைத்தான் குறைக்கும். பேசும் பழக்கத்தை மாற்றாது. முழு மௌனம் தேவைப்படுவது, கத்தும்போதே சட்டென்று குரல் போய் உள்ளே ரத்தம் கசிந்திருந்தாலோ, அறுவை முடிந்த சில நாட்களிலோதான். கிசுகிசுப்பும் ஓய்வாகாது, பலருக்கு அப்போது தொண்டைத் தசைகள் இன்னும் இறுகுகின்றன. சொந்தக் குரலில், மெதுவாக, சின்ன வாக்கியமாகப் பேசுங்கள்.

வேலை செய்வது பயிற்சிதான். அரை கிளாஸ் தண்ணீரில் சாதாரண ஸ்ட்ராவின் நுனியை 2 சென்டிமீட்டர் அமிழ்த்தி, உதட்டால் இறுக்கமாகக் கவ்வி ‘ஊ’ என்று ஒலி எழுப்புங்கள். குமிழும் குரலும் சேர்ந்தே வர வேண்டும். வாயில் தேங்கும் காற்றழுத்தம் குரல்நாண்களை லேசாக விலக்கி வைப்பதால் மோதல் மென்மையாகிறது. பலர் குரலே இல்லாமல் வெறும் காற்றை ஊதுகிறார்கள், அதில் பயனில்லை. ஸ்ட்ராவை ஆழமாக விட்டால் தொண்டையை முக்க வேண்டிவரும். பபிள் டீ ஸ்ட்ரா பெரிது, அழுத்தம் குறைவாகத்தான் கிடைக்கும். ஒரு தடவைக்கு 2, 3 நிமிடம், நாளில் சில தடவை. வகுப்புக்கு முன் ஒன்று, பின் ஒன்று கட்டாயம். ஸ்பீச் தெரபி, அதாவது நிபுணரிடம் பெறும் குரல் பயிற்சி, வாரம் ஒன்றாகப் பெரும்பாலும் 6 முதல் 8 அமர்வு போகும். இரண்டாம் அமர்விலேயே குரல் தேறிவிட்டதென்று நிறுத்திவிடாதீர்கள்.

குடிக்கும் தண்ணீர் உணவுக்குழாய் வழியாகப் போகிறது. குரல்நாணைத் தொடுவதே இல்லை. ஈரம் உடம்பு வழியாகத்தான் அங்கே போய்ச் சேரும். ஆகவே வகுப்பு வாசலில் ஒரு பாட்டிலைக் காலி செய்வதைவிட, காலையிலிருந்தே மடக்கு மடக்காகக் குடிப்பது நல்லது. ஆவி பிடிக்கிறீர்களா? வெறும் தண்ணீர் போதும். தைலமும் மெந்தாலும் குளுகுளுவென்றிருக்கும், ஆனால் எரிச்சலூட்டும்.

‘க்கும்’ என்று செருமும் ஒவ்வொரு தடவையும் நாண்கள் ஒன்றையொன்று அறைகின்றன. அதற்குப் பதில் ஒரு மடக்கு தண்ணீர் விழுங்குங்கள். இரவு 11 மணிக்கு மாமாக் கடையில் மீ கோரேங் நூடுல்ஸும் தே தாரிக் பால்தேநீரும் முடித்து நேரே படுத்தால் அமிலம் தொண்டைவரை ஏறலாம். 3 மணி நேரம் இடைவெளி விடுங்கள். ஆன்டிபயாடிக் கேட்க வேண்டாம், முடிச்சு கிருமி நோயல்ல.

மைக் வாங்கியும் கத்துகிறவர்கள் உண்டு. சத்தம் சூழ்ந்தால் நமக்குத் தெரியாமலே குரல் உயரும். மலேசியாவின் பத்துமலையிலும் பினாங்குத் தண்ணீர்மலையிலும் தைப்பூசத்துக்கு ‘வேல் வேல்’ முழங்குகிறவர்களுக்கு இது புரியும். அந்த வாரம் முழுக்கக் கைதட்டலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சில மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் குரல் தேறாவிட்டால்தான் அறுவை பற்றிப் பேச்சு. அதற்குப் பிறகும் இதே ஸ்ட்ரா, இதே தண்ணீர்.