லக்சரின் மேற்குக் கரை: கல்லறை ஓவியங்களையும் வயல்வெளியையும் சேர்த்துப் பார்க்க

எகிப்தின் லக்சருக்குச் செல்வோரில் பலர் நைல் ஆற்றின் கிழக்குக் கரையில் தங்கி, ஒரே முற்பகலில் மேற்குக் கரையைச் சுற்றிவிட்டுத் திரும்புகின்றனர். பழைய எகிப்தியர் எப்படி வாழ்ந்தார்கள், இன்றைய கிராமத்தார் எப்படி வாழ்கிறார்கள் என்ற இரண்டையும் அறிய விரும்புவோர், மேற்குக் கரையிலேயே மூன்று இரவாவது தங்க வேண்டும். லக்சர் கோயிலுக்கு அருகிலுள்ள துறையிலிருந்து ஊர்மக்கள் பயன்படுத்தும் படகு மிகக் குறைந்த கட்டணத்தில் நைலைக் கடக்கிறது. கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவதால், நவம்பர் முதல் மார்ச் வரையிலான காலமே ஏற்றது.

முதல் நாளை, பழைய அரசர்களின் கல்லறைகள் குடையப்பட்ட அரசர்களின் பள்ளத்தாக்குக்குக் கொடுக்காமல், தெய்ர் எல் மதீனாவுக்குக் கொடுங்கள். அரசர்களின் கல்லறைகளைக் குடைந்து வண்ணம் தீட்டிய தொழிலாளர்கள் குடும்பத்தோடு வாழ்ந்த ஊர் இது. வீடுகளின் அடிச்சுவர்கள் இன்றும் வரிசையாக நிற்கின்றன. கூலியாகத் தரவேண்டிய தானியம் வராததால், மூன்றாம் ராம்செஸின் 29ஆம் ஆட்சியாண்டில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் இவ்வூரார்தான். இங்குள்ள தொழிலாளி சென்னெஜெமின் சிறிய கல்லறையில், அவர் புள்ளி மாடுகளைப் பூட்டி உழ, மனைவி பின்னால் விதை தூவி வருகிறாள். அடுத்து, ஷேக் அப்துல் குர்னா மலைச்சரிவில், வயல்களை மேற்பார்த்த அதிகாரி மென்னாவின் கல்லறையைத் தவறவிடாதீர்கள். விளைந்த வயலைக் கயிற்றால் அளப்பது, மாடுகளை விட்டுப் போரடிப்பது ஆகியவற்றோடு, கதிர் பொறுக்க வந்த இரு சிறுமிகள் ஒருவர் முடியை ஒருவர் பிடித்திழுத்துச் சண்டையிடுவதையும் ஓவியர் விடாமல் வரைந்திருக்கிறார். எனக்கு எந்த அரசனின் சிலையையும்விட இந்தச் சண்டையே அக்காலத்தை அருகில் கொண்டுவருகிறது.

இவற்றைப் பார்த்த கண்ணோடு மாலையில் வயல்வழியே நடந்து செல்லுங்கள். அஸ்வான் உயர் அணை 1970இல் நிறைவடைந்த பிறகு, ஆண்டுதோறும் வயல்களை மூடிய நைல் வெள்ளம் நின்றுவிட்டது. இப்போது கால்வாய் நீரில் கரும்பும் கோதுமையும் கால்நடைத் தீவனமும் விளைகின்றன, தீவனக் கட்டுகளைக் கழுதை வண்டிகள் சுமந்து போகின்றன. உள்ளூர்க் குடும்பம் நடத்தும் விடுதியில் தங்கினால், அய்ஷ் ஷம்சி சுடும் நாளை முன்கூட்டியே கேட்டுவையுங்கள். மாவை வட்டமான மண் தட்டுகளில் வைத்து, வெயிலில் உப்பவிட்டு, மண் அடுப்பில் சுடும் தடித்த ரொட்டி அது. பெண்களைப் படமெடுக்கும் முன் அனுமதி பெறுவது கட்டாயம்.

அரசர்களின் பள்ளத்தாக்குக்குக் காலையில் கதவு திறந்தவுடன் சென்றுவிட வேண்டும். பொதுச் சீட்டில் மூன்று கல்லறைகளைக் காணலாம். துட்டன்காமுன், முதலாம் சேத்தி ஆகியோரின் கல்லறைகளுக்குத் தனிச் சீட்டு உண்டு. இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறதென்றால், சேத்தியின் கல்லறையையே தேர்ந்தெடுங்கள்; அதன் புடைப்புச் சிற்பங்களுக்கு ஈடு அங்கே வேறில்லை. மேற்குக் கரையின் மற்ற இடங்கள் பலவற்றுக்கு வாயிலில் சீட்டு கிடைக்காது. மெம்னான் சிலைகள் எனப்படும் இரு பெரிய கற்சிலைகளைக் கடந்ததும் வரும் பொதுச் சீட்டகத்தில் முதலிலேயே வாங்கிக்கொள்ள வேண்டும். அங்கே ரொக்கம் ஏற்கப்படாமல் போகலாம் என்பதால் வங்கி அட்டையையும், காவலர்களுக்கும் வண்டிக்காரர்களுக்கும் கொடுக்கச் சில்லறை நோட்டுகளையும் கையில் வைத்திருங்கள்.