மைலேஜ் கூட வேண்டுமா? மீட்டரைப் பார்த்து காலைப் பழக்குங்கள்

முதலில் உங்கள் பெட்ரோல் கார் இப்போது எவ்வளவு தருகிறது என்று சரியாகத் தெரியணும். டேங்கை ஃபுல் செய்து, நாஸில் முதல் தடவை கட் ஆனதும் நிறுத்திவிட்டு, ட்ரிப் மீட்டரை பூஜ்யமாக்குங்கள். அடுத்த முறை அதே பங்கில் அதே மாதிரி ஃபுல் செய்து, ஓடிய கிலோமீட்டரை இப்போது பிடித்த லிட்டரால் வகுத்துப் பாருங்கள். டிஸ்ப்ளே காட்டும் சராசரியைவிட இந்தக் கணக்கை நம்பலாம்.

ஆனால் அதே டிஸ்ப்ளேயில் ஓடுகிற உடனடி மைலேஜ், அதுதான் உங்கள் காலுக்கு வாத்தியார். சிக்னலில் இருந்து சீறிக் கிளம்பினால் லிட்டருக்கு 5, 6 என்று விழும், டாப் கியரில் சீராகப் பிடித்தால் 20ஐத் தாண்டும். கொஞ்ச நாள் கவனித்தாலே கால் தானாக மென்மையாகிவிடும். சாலையை விட்டுவிட்டு அதையே வெறிக்க வேண்டாம், ஓரக்கண் போதும்.

தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்ததும் ஆக்சிலரேட்டரில் இருந்து காலை முழுசாக எடுத்துவிட்டு, வண்டியைக் கியரிலேயே உருள விடுங்கள். இன்ஜெக்‌ஷன் எஞ்சினில், ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) ஐடிலிங் அளவுக்கு, அதாவது ஆக்சிலரேட்டர் தொடாமல் எஞ்சின் சும்மா ஓடும் அளவுக்கு, இறங்கும் வரை, பெட்ரோல் அடியோடு நின்றுவிடும். நியூட்ரல் போட்டால்தான் ஐடிலிங்குக்கு பெட்ரோல் செலவாகும். இறக்கத்தில் நியூட்ரல் போடுவது கார்புரேட்டர் காலத்துப் பழக்கம், அதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் வெறும் பிரேக்கையே நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகலாம், உயிருக்கே ஆபத்து.

சின்ன பெட்ரோல் எஞ்சினுக்கு சமதளத்தில் 1500 முதல் 2500 ஆர்பிஎம்முக்குள் கியரை மாற்றிக்கொண்டே போகலாம். வண்டி உதறினால் கியரைக் குறையுங்கள், அந்த நேரத்தில் டாப் கியரில் அமுக்குவதால் லாபம் இல்லை.

ஹைவேயில் வேகம்தான் பெரிய செலவு. 80ல் இருந்து 100க்குப் போனால் காற்றுத் தடை ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறுகிறது. செங்கல்பட்டு தாண்டி விழுப்புரம் பக்கம் 100 கிலோமீட்டர் போக இதனால் மிச்சமாவது வெறும் 15 நிமிடம். டயர் காற்றைக் காலையில், வண்டி ஓடும் முன்னாடி, டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுக்குப் பிடியுங்கள்.

அப்புறம் எஞ்சின் வெப்பமானி. நெடுந்தூரம் ஓட்டியும் முள் நடுவுக்கு வரவில்லை என்றால் தெர்மோஸ்டாட் (எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தின் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு) திறந்தபடியே மாட்டியிருக்கலாம். எஞ்சின் இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்து இசியு, அதாவது எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர், கூடுதலாக பெட்ரோல் ஊற்றிக்கொண்டே இருக்கும். முள் இல்லாத கார் என்றால் ஒரு புளூடூத் ஓபிடி ஸ்கேனரை (அந்தக் கம்ப்யூட்டரின் தகவலைப் படிக்கும் சின்னக் கருவி) ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள போர்ட்டில் செருகினால் கூலன்ட் வெப்பம் போனிலேயே தெரியும். அதில் லாங் டெர்ம் ஃபியூல் ட்ரிம்மையும் (வழக்கமான அளவைவிட பெட்ரோலை இசியு தொடர்ந்து எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்ற கணக்கு) பாருங்கள், பிளஸ் 10 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் காற்றுக் கசிவோ சென்சார் கோளாறோ இருக்கலாம், மெக்கானிக்கிடம் அந்த எண்ணைச் சொல்லிக் காட்டுங்கள். வண்டியைப் பல நாள் நிறுத்தி வைப்பதாக இருந்தால் ஸ்கேனரைக் கழற்றிவிடுங்கள், பேட்டரியை மெல்ல இழுத்துவிடும்.