100 கிராம் தண்ணியில எவ்வளவு உப்புக் கரையும்? குசினியில வச்சே அளக்கிற விதம்

கரைதிறன், அதாவது 100 கிராம் தண்ணியில ஒரு பொருள் ஆகக்கூட எவ்வளவு கரையும் எண்டது, அத அளக்கிறதெண்டா ஒரு கிளாஸ் தண்ணியில கரண்டி கரண்டியா உப்பப் போட்டுக் கலக்கி, இனிக் கரையாது எண்டு வந்த உடன எத்தனை கரண்டி போட்டம் எண்டு எண்ணுறதுதான் எண்டு ஏ.எல். பிள்ளையள் கன பேர் நினைச்சுக்கொண்டிருக்கினம். அப்பிடி வாற கணக்க நம்ப ஏலாது. கடைசிக் கொஞ்ச உப்புக் கரைய சரியான நேரம் எடுக்கும், அதுக்கிடையில கை உளைஞ்சு நிப்பாட்டிப்போடுவம், அதோட நாங்கள் போட்டது எவ்வளவு எண்டுதான் தெரியும், கரைஞ்சது எவ்வளவு எண்டு தெரியவே தெரியாது. அதால தலைகீழாச் செய்யோணும். வேணுமெண்டே கூடப் போட்டு, கரையக்கூடியதெல்லாம் கரைய விட்டு, மேல தெளிஞ்சு நிக்கிறதில கொஞ்சத்த எடுத்துக் காய வச்சு, மிஞ்சிற உப்ப நிறுக்கிறது.

தராசு 0.01 கிராம் காட்டுற சின்ன டிஜிட்டல் தராசா இருக்கோணும், நகைக்கடையில வச்சிருக்கிற மாதிரி. மா நிறுக்கிற 1 கிராம் தராசு சரிவராது, ஏனெண்டு கணக்கில காட்டுறன். தண்ணி, கிணத்துத் தண்ணி வேண்டாம். திருகோணமலையில உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்கரையோட இருக்கிற ஆக்களுக்கு இதச் சொல்லித் தரத் தேவையில்லை, கன கிணறுகளில தண்ணியே உவர். பற்றரிக்கு விடுற காய்ச்சி வடிச்ச தண்ணிய வாங்குங்கோ, ஆனா போத்தில நல்லா வாசிச்சு வாங்குங்கோ, பக்கத்திலயே பற்றரி அசிட்டும் வச்சிருப்பினம். பிறகு ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம், வெப்பமானி, பாமசியில விக்கிற ஊசியில்லாத சிரிஞ்ச், கொஞ்சம் பஞ்சு. அலுமினியச் சட்டி எடுக்காதேங்கோ, உப்பு அதை அரிச்சுப்போடும்.

உப்பு, தூள் உப்பே நல்லம். கல்லுப்பு எண்டா அதில ஜிப்சம் (கல்சியம் சல்பேற்று), மக்னீசியம் உப்புகள் கொஞ்சம் கலந்திருக்கும், கடல் தண்ணிய வத்த வைக்கேக்க உப்புக்கு முதலே ஜிப்சம் படிஞ்சிடும், பத்தில ஒரு பங்குக்குக் கிட்ட வத்தினாப் பிறகுதான் உப்பு விழத் தொடங்கும், உப்பளத்தில பாத்தி பாத்தியா மாத்தி விடுறது இதுக்காகத்தான். அந்த ஜிப்சம் லேசில கரையாது. கல்லுப்புப் போட்ட கிளாஸ்ல அடியில வெள்ளைச் சேறு மாதிரி நிண்டா அதைப் பாத்திட்டு "ஆ, உப்பு மிச்சமிருக்குது, கரைசல் நிரம்பிட்டுது" எண்டு முடிவெடுக்கக் கூடாது. அடியில உப்புப் பரல் கண்ணுக்குத் தெரியோணும்.

இப்ப 50 கிராம் தண்ணியில 25 கிராம் உப்பப் போட்டு மூடி, ஒரு இரவு வையுங்கோ, இடைக்கிடை நல்லாக் குலுக்குங்கோ. அவசரமெண்டா ஒரு மணித்தியாலம் விடாமக் கலக்கலாம், ஆனா நான் இரவு முழுக்க வைக்கிறதத்தான் சொல்லுவன். காலமை ஒருக்காக் குலுக்கிப்போட்டு அரை மணித்தியாலம் அசையாம வச்சு, தெளிஞ்ச பிறகு வெப்பமானிய விட்டு வெப்பநிலைய எழுதுங்கோ. வெப்பநிலை எழுதாத கரைதிறனுக்கு அர்த்தமே இல்லை. எங்கட ஊரில அனேகமா 30 பாகைக்குக் கிட்ட நிக்கும், புத்தகத்தில 20 அல்லது 25 எண்டு கிடக்கும், உப்புக்கு அது பெரிய வித்தியாசமில்லை, வேற பொருளுக்கு மலைக்கும் மடுவுக்கும் போல.

வெறுங் கிண்ணத்த நிறுத்து எழுதுங்கோ. சிரிஞ்ச் வாயில கொஞ்சம் பஞ்ச வச்சு, மேல இருக்கிற தெளிஞ்ச கரைசல 20 மில்லி அளவு இழுத்து, பஞ்ச எடுத்துப்போட்டுக் கிண்ணத்தில விட்டு, திரும்ப நிறுங்கோ. ஒரு பரல் கூட உள்ள வரக்கூடாது.

காய வைக்கிறதுதான் பொறுமை வேண்டிய இடம். நேர நெருப்பில வச்சா கொதிச்சுச் சிதறும், சிதறினது எல்லாம் உங்கட கணக்கில இருந்து போன உப்பு. முதல்ல கொதிக்கிற பானைக்கு மேல ஆவியில வச்சு வத்த விடுங்கோ. தண்ணி போய் உப்பு வெள்ளையாப் பொருக்குக் கட்டினாப் பிறகு, தாச்சியில மண்ணப் போட்டுச் சூடாக்கி அதுக்குள்ள கிண்ணத்தப் புதைச்சு வையுங்கோ, கச்சான் வறுக்கிறவை வச்சிருக்கிற மண் மாதிரி, சூடு எல்லாப் பக்கத்தாலயும் ஒரே சீராப் போகும். கிட்டக் குனிஞ்சு பாக்காதேங்கோ, பரலுக்குள்ள அடைபட்ட தண்ணி படபடவெண்டு வெடிக்கும், கண்ணாடி போட்டிருங்கோ. ஆறின உடன அடியில ஒட்டின மண்ணத் துடைச்சு நிறுத்து, திரும்ப 10 நிமிசம் சூடாக்கி திரும்ப நிறுத்து, ரெண்டு நிறையும் 0.02 கிராமுக்குள்ள வாற வரைக்கும் செய்யோணும். நான் முதல் தரம் ஒருக்கா மட்டும் நிறுத்து 41 எண்டு எழுதினன், உள்ளுக்கு ஈரம் கிடந்திருக்குது. மாரிக்காலத்தில இன்னும் கவனம், காத்தில ஈரப்பதன் 75 வீதத்துக்கு மேல போனா சுத்தமான உப்புக் கூடத் தண்ணிய இழுக்கும், அதால ஆறின கையோட நிறுங்கோ.

கணக்கு இப்பிடி. வெறுங் கிண்ணம் 62.40, கரைசலோட 87.60, காய்ஞ்ச பிறகு 69.08. கரைசல் 25.20 கிராம், உப்பு 6.68, அப்ப போன தண்ணி 18.52. 6.68 ஐ 18.52 ஆல பிரிச்சு 100 ஆல பெருக்கினா 36.1. புத்தகத்தில கிடக்கிறதும் 36 தான். இதையே 1 கிராம் தராசில, வெறுங் கிண்ணத்தப் பூச்சியமாக்கி நிறுத்தா கரைசல் 25, உப்பு 7, அப்ப தண்ணி 18, விடை 38.9 எண்டு வரும், அதுதான் நல்ல தராசு வேணும் எண்டனான். இன்னொண்டு, 100 கிராம் தண்ணிக்கு எண்டதும் 100 மில்லி கரைசலுக்கு எண்டதும் ஒண்டில்லை. நிரம்பின உப்புக் கரைசல் ஒரு மில்லி 1.2 கிராம் வரும், அதால 100 மில்லி கரைசலில கிடக்கிறது 32 கிராம் அளவுதான். பரீட்சையில பிள்ளையள் புள்ளிய விடுறது இதில.

இந்த முறை எல்லாத்துக்கும் சரிவராது. அப்பச்சோடாவச் சூடாக்கினா காபனீரொட்சைட்டும் நீராவியும் போய்ச் சோடியம் காபனேற்றா மாறிடும், 168 கிராம் கிடந்த இடத்தில 106 தான் மிஞ்சும், விடை மூண்டில ஒரு பங்குக்கு மேல குறைஞ்சிடும். யூரியாவும் சூட்டில பிரியும், சீனி கருகும்.

பொட்டாசியம் நைத்திரேற்றுக்கு வேற வழி இருக்குது, ஆனா இதப் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில ரீச்சரோட மட்டும் செய்யுங்கோ, அது ஒட்சியேற்றி, மற்றப் பொருள் எரியிறதக் கூட்டிவிடும். பெரிய சோதனைக்குழாயில 4 கிராம் போட்டு 5 மில்லி தண்ணி விட்டு, வெந்நீரில வச்சு முழுக்கக் கரைச்சு, பிறகு வெளிய எடுத்துக் கலக்கிக்கொண்டே ஆற விட்டு, முதல் பளிங்கு மினுங்கிற வெப்பநிலையக் குறியுங்கோ. திரும்ப மெல்லச் சூடாக்கிப் பளிங்கு மறையிற வெப்பநிலையையும் எடுத்து ரெண்டுக்கும் நடுவ எடுங்கோ, ஏனெண்டா ஆறேக்க கரைசல் கொஞ்சம் பிந்தித்தான் பளிங்கக் காட்டும். 5 மில்லிக்கு 48 பாகைக்குக் கிட்ட வரும், 5 கிராம் தண்ணிக்கு 4 கிராம் எண்டா 100 கிராமுக்கு 80, அப்ப அந்த வெப்பநிலையில கரைதிறன் 80. பிறகு ஒவ்வொரு மில்லியாத் தண்ணி கூட்டித் திரும்பத் திரும்பச் செய்து வரைபு கீறலாம். 20 பாகையில 32, 30 பாகையில 46 எண்டு எப்பிடி ஏறுது எண்டு அதில தெரியும். 10 மில்லிக்குக் கிட்டப் போகேக்க எங்கட அறை வெப்பத்தில பளிங்கு வரவே வராது, அந்தக் கடைசிப் புள்ளியளுக்குக் குழாய ஐஸ் போட்ட தண்ணிக்குள்ள பிடிச்சுக்கொண்டு கலக்குங்கோ.