டேட்டா சென்டருக்கு மனை பார்க்கப் போகிறவர்களுக்கு

கூலிங் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் கொண்டுவரும் அறிக்கைகளைப் படித்தால், நான் முன்பு எழுதியதையே தேதி மாற்றிக் கொடுத்த மாதிரி இருக்கிறது. கரண்ட், ஃபைபர், பட்டா எல்லாம் யாரும் மறப்பதில்லை. அதை விட்டுவிடலாம். சறுக்குவது தண்ணீரில்தான். அதில் நாம் செய்யும் தவறுகளும் சொல்லும் சமாதானங்களும் கீழே.

மார்கழியில் போர்வெல் சோதிப்பது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. சென்னை ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் ஓர் இடம். மழை ஓய்ந்த கையோடு பம்பு இறக்கிப் பார்த்தோம். தண்ணீர் கொட்டியது, டிடிஎஸ் (ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்பு, மில்லிகிராமில்) 500. போதும் என்று கையெழுத்துப் போட்டவன் நான்தான். மே மாதம் அதே போரில் ஊற்றும் குறைந்தது, டிடிஎஸ்ஸும் 1,250 ஆனது. கடலோரத்தில் நிலத்தடியில் நல்ல தண்ணீரின் மட்டம் இறங்கினால் உப்புத்தண்ணீர் மேலே ஏறும். தெரிந்த விஷயம்தான், கணக்கில் எழுதவில்லை.

சர்வர்கள் விடும் ஒரு மெகாவாட் வெப்பத்தை முழுக்கத் தண்ணீரை ஆவியாக்கியே வெளியேற்றினால் நாளுக்குச் சுமார் 35,000 லிட்டர் போகும். உப்பு மட்டும், அப்படி ஆவியாக்கும் கூலிங் டவரிலேயே தங்கும். அது 2,500-ஐத் தாண்டாமல் இருக்க, அவ்வப்போது கொஞ்சத்தைத் திறந்துவிட்டுப் புதுத் தண்ணீர் சேர்க்க வேண்டும். உள்ளே வருவது 500 என்றால் ஐந்து மடங்கு கெட்டியாகும் வரை சுற்றவிடலாம். மொத்தத் தேவை சுமார் 44,000 லிட்டர். 1,250 என்றால் இரண்டே மடங்கு, தேவை 70,000. போர் வற்றும் மாதத்தில்தான் டவருக்குத் தாகம் அதிகம்! அப்புறம் உப்பை வடிகட்ட ஆர்.ஓ. போட்டோம். சரி, அது கழிக்கும் உப்புத்தண்ணீரை எங்கே கொட்டுவது?

வைகாசியிலும் ஒருமுறை சோதியுங்கள். அதுவரை முன்பணம் கொடுக்காதீர்கள்.

தண்ணீர் லாரி இருக்கிறதே

2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு கிடந்தன. அப்போது என்ன விலை சொன்னார் என்று லாரிக்காரரையே கேளுங்கள்.

தண்ணீரே வேண்டாம், ஏர் கூல்டு (காற்றாலேயே குளிர்விப்பது) போதும்

கரண்ட் பில்லைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

நெம்மேலி பக்கம்தானே

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை பக்கம்தான். அதன் குழாய் உங்கள் மனை வரை வருகிறதா?

கழிவுநீரா என்று முகம் சுளிப்பது

சென்னையில் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் தலா 45 எம்.எல்.டி. (நாளுக்கு 4.5 கோடி லிட்டர்) கழிவுநீரை ஆர்.ஓ. வரை சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் ஆலைகள் 2019-லேயே வந்துவிட்டன. ஊர் குளிக்கிறவரை அந்தத் தண்ணீர் வரும். அந்தக் குழாய் எந்தத் தொழிற்பேட்டை வரை போகிறது என்று விசாரித்துவிட்டு மனை விலை பேசுங்கள்.

வறட்சிக்குப் பயந்து ஏரி உள்வாயில் (ஏரித் தண்ணீர் பரவி நிற்கும் இடத்தில்) வாங்குவது

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள்.