கடற்படை அதிகாரிகளின் படிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கப்பல் ஓட்டத் தெரிந்தவருக்குப் போர் உத்தி தானாக வந்துவிடும் என்ற நினைப்பு பழையது. 1884-ல் ஸ்டீபன் லூஸ் அமெரிக்காவின் நியூபோர்ட்டில் கடற்படைப் போர்க் கல்லூரியைத் தொடங்கியபோதும், கடலில் இருக்க வேண்டியவருக்கு வகுப்பறை எதற்கு என்ற முணுமுணுப்பு இருந்தது. சரி, அதைத் தாண்டிப் படிக்க வருபவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

ஆக மோசமானது, போர் விளையாட்டை ஜெயிப்பதற்காக ஆடுவது. 1942 மே மாதம் ஜப்பானியர்கள், பசிபிக்கில் அமெரிக்கர் வசமிருந்த மிட்வே தீவின்மேல் நடத்தவிருந்த தாக்குதலை மேசைமேல் ஆடிப் பார்த்தார்கள். தீவிலிருந்து வந்த எதிரி விமானங்களின் ஒன்பது குண்டுகள் விழுந்தன, இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்கள் மூழ்கின என்றார் நடுவர். தலைமை வகித்த உகாக்கி ஒன்பதை மூன்றாக்கினார். ஒரு கப்பல் பிழைத்தது. மூழ்கிய மற்றொன்றும் அடுத்த கட்டத்தில் முழுசாக வந்து நின்றது. என்னைக் கேட்டால், எண்ணிக்கையைக் குறைத்தது அவ்வளவு தப்பில்லை. நிஜப் போரில் மிட்வே தீவிலிருந்து வந்த விமானங்களின் குண்டு ஒன்றுகூட அந்தக் கப்பல்கள்மேல் விழவில்லை. கப்பல்கள் போய்விட்டால் என்ன செய்வது என்று யோசிக்காமல் ஆட்டத்தைத் தொடர்ந்ததுதான் தப்பு. ஜூனில் அமெரிக்க விமானந்தாங்கிகள் எதிர்பாராத நேரத்தில் எதிர்ப்பட்டன. ஜப்பானின் நான்கு விமானந்தாங்கிகள் போயின.

அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் நியூபோர்ட்டில் நடந்தது வேறு. பசிபிக்கை ஒரே பாய்ச்சலில் கடக்கும் திட்டம் விளையாட்டில் திரும்பத் திரும்ப அடி வாங்கியது. அதனால் தளம் தளமாகப் பிடித்து முன்னேறும் யோசனை வலுப்பெற்றது. ஜப்பானுடனான போரில் தற்கொலை விமானங்களைத் தவிர வேறெதுவும் தங்களுக்குப் புதிதாக இல்லை என்று, பசிபிக்கில் அமெரிக்கக் கடற்படைக்குத் தலைமை தாங்கிய அட்மிரல் நிமிட்ஸ் பின்னாளில் சொன்னார். கொஞ்சம் மிகைதான், ஆனாலும் தோற்ற ஆட்டங்களுக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

அடுத்தது, ஒரே ஆசானைப் பிடித்துக்கொள்வது. பெரிய கப்பல் படைகள் மோதும் ஒற்றைப் போரில் எல்லாம் முடிந்துவிடும் என்பதை அமெரிக்கக் கடற்படைச் சிந்தனையாளர் ஆல்ஃபிரட் மஹானிடமிருந்து ஜப்பான் எடுத்துக்கொண்டது. கடல் வணிகத்தைப் பற்றியும் அதே மஹான் விரிவாகப் பேசியவர். அந்தப் பக்கம் மனதில் தங்கவில்லை போலும். வணிகக் கப்பல்களுக்குத் துணைபோகத் தனித் தலைமையகம் அமைந்ததே 1943 நவம்பரில்தான். அதற்குள் அமெரிக்க நீர்மூழ்கிகள் அறுவடையைத் தொடங்கிவிட்டன.

கப்பல்களை எண்ணி பலத்தை அளப்பதும் இதே ரகம். பெரிய போர்க்கப்பல் எதுவும் கைவசம் இல்லாத உக்ரைன், 2022 ஏப்ரலில் ரஷ்யாவின் மோஸ்க்வா போர்க்கப்பலை மூழ்கடித்தது. செங்கடலில் 2023 இறுதியில் ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் தாக்கத் தொடங்கியதும் சரக்குக் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போயின. காப்பீட்டுக் கட்டணமும் சரக்குக் கட்டணமும் எப்படி ஏறும் என்று தெரியாத அதிகாரிக்கு இதில் பாதி புரியாது.

கடைசியாக, மேலதிகாரி முன்னால் வாய் மூடியிருப்பது. 1893-ல் லெபனானின் திரிப்போலி அருகே பிரிட்டிஷ் அட்மிரல் டிரையன் இரண்டு வரிசைக் கப்பல்களை எதிரெதிராகத் திரும்பச் சொன்னார். இடைவெளி போதாது என்று உடனிருந்தவர்களுக்குத் தெரியும். மற்ற வரிசையின் தலைவர் மார்க்கம் தயங்கினார். எதற்குக் காத்திருக்கிறீர்கள் என்று சைகை வந்தது. அட்மிரல் ஏதோ யோசித்துத்தான் சொல்கிறார் என்று நினைத்து அவரும் திரும்பினார். மார்க்கமின் கப்பல் மோதி டிரையனின் கப்பலான விக்டோரியா மூழ்கியது, 358 பேர் இறந்தார்கள், டிரையனும்தான். கீழுள்ள அதிகாரிகள் சைகைக்குக் காத்திராமல் தாங்களே முடிவெடுக்க வேண்டும் என்று அந்தக் காலத்தில் அதிகம் வற்புறுத்தியவர் அவரேதான்.