ரேடியேட்டரின் வடிகால் மூடி உடைந்தால்

வண்டியின் ரேடியேட்டரின் அடியில், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டை வடிப்பதற்காக உள்ள பிளாஸ்டிக் திருகுமூடி, பல ஆண்டுகள் சூடுபட்டு எளிதில் நொறுங்கும் நிலைக்கு வந்துவிடுவதால், திறக்கும்போது தலை முறிந்து மரைப்பகுதி மட்டும் உள்ளே சிக்கிக்கொள்வதுண்டு. எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகே அதைத் தொட வேண்டும். பழைய தட்டை ஸ்க்ரூடிரைவரின் நுனியைச் சூடாக்கி, மிச்சமுள்ள பிளாஸ்டிக்கில் மெதுவாக அழுத்திப் பள்ளம் உண்டாக்கி, அது இறுகியபின் இடப்புறமாகத் திருகினால் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். புதிய மூடியுடன் ரப்பர் வளையத்தையும் கட்டாயம் மாற்றி, கையால் மட்டும் இறுக்குங்கள். எபாக்ஸி பசையால் அடைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வண்டி ஓடும்போது கூலன்ட் சுமார் 90 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், அழுத்தத்துடன் இருப்பதால், நடுவழியில் பசை விட்டுவிடலாம். சிந்திய கூலன்ட் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு என்பதால், நாய்கள் நக்கிவிடாமல் உடனே துடைத்துவிடுங்கள்.