கிளம்பும் நேரம் கடைசியில் வரட்டும்: கடலோரப் பாய்ப்பயணத் திட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாய்மரப் படகில் கரையை ஒட்டி ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குப் போகத் திட்டமிடுபவர்கள் தாளில் முதலில் எழுதுவது கிளம்பும் நேரம். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. கிளம்பும் நேரம் கணக்கின் கடைசி வரியில் வரவேண்டிய விடை. வழியில் எந்த இடம் மிகக் குறைந்த நேரம் மட்டும் திறந்திருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அது நீரோட்டம் சீறும் ஒரு நிலமுனையாக இருக்கலாம், ஆழமில்லாத முகத்துவாரமாகவும் இருக்கலாம். அங்கிருந்து பின்னோக்கி வந்தால்தான் எத்தனை மணிக்கு நங்கூரம் தூக்குவது என்பது தெரியும்.

ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம்.

பயணம் 36 கடல்மைல். 20ஆவது மைலில் ஒரு முனை. முடிவில் முகத்துவாரம், அதன் வாயில் மணல்திட்டு. திட்டின் மேல் கடல் வரைபடம் காட்டும் ஆழம் 0.9 மீட்டர். படகு தண்ணீருக்குள் அமிழும் ஆழம் 1.8 மீட்டர். கீலுக்கு, அதாவது படகின் அடித்தண்டுக்கு, அடியில் அரை மீட்டராவது மிச்சம் வேண்டும். அலை 0.8 மீட்டர் என்றால், அலைப்பள்ளத்தில் படகு அதில் பாதி, அதாவது 0.4 மீட்டர் இறங்கும். கூட்டினால் 2.7 மீட்டர் தண்ணீர் தேவை. வரைபடத்தில் உள்ள 0.9 போக, ஓதத்தின் உயரம், அதாவது ஏற்றவற்றத்தால் கூடும் நீர்மட்டம், 1.8 மீட்டராவது இருக்க வேண்டும்.

அன்றைய ஓத அட்டவணை: தாழ் ஓதம் 10:00க்கு 0.6 மீட்டர், உயர் ஓதம் 16:12க்கு 4.2 மீட்டர். ஏற்றம் 3.6 மீட்டர். பன்னிரண்டு பங்கு விதிப்படி ஆறு மணி நேரத்தில் முறையே 1, 2, 3, 3, 2, 1 பங்கு தண்ணீர் ஏறும். இங்கே ஒரு பங்கு 0.3 மீட்டர். இரண்டு மணி நேரத்தில் 1.5 மீட்டர், மூன்று மணி நேரத்தில் 2.4. ஆகவே 1.8ஐத் தொடுவது 12:25 வாக்கில். அதற்கு முன் திட்டுப் பக்கமே போகக் கூடாது. பிந்திய எல்லையை 15:30 என்று வைத்துக்கொள்ளலாம். உயர் ஓத உச்சியில் தரைதட்டினால் தூக்கிவிட அடுத்த ஏற்றம்தான் வரவேண்டும். ஏறுநீரில் தட்டினால் பத்து நிமிடத்தில் கடலே தூக்கிவிடும். வற்று தொடங்கிய பின்போ, வெளியேறும் நீர் உள்ளே வரும் அலையை எதிர்த்து நிற்க, திட்டின் மேல் அலை உடையும்.

நீரோட்டத்தையும் சேர்த்துக்கொள்வோம். 08:30 முதல் 14:30 வரை சாதகம், அதற்கு முன்னும் பின்னும் 1 நாட் (மணிக்கு ஒரு கடல்மைல்) எதிர். சாதகமான நேரத்தில் முனை வரை சராசரி 1 நாட், முனையைத் தாண்டியபின் சராசரி 1.5. படகின் வேகம் 5 நாட். 07:15க்குக் கிளம்பினால் 11:00க்கு முனை, 13:30க்கு முகத்துவாரம். சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டு 09:30க்குக் கிளம்பினால் 12:50க்கு முனை, 15:50க்கு முகத்துவாரம். எல்லையைத் தாண்டியாகிவிட்டது, ஆனாலும் பெரிய ஆபத்தாகத் தெரியவில்லை, இல்லையா?

காற்று கொஞ்சம் தளர்ந்து படகு 4 நாட்தான் போகிறது என்று வையுங்கள். 07:15க்குப் புறப்பட்ட படகு 14:50க்கு உள்ளே போய்விடும். 09:30க்குப் புறப்பட்டது முனையைத் தொடுவதே 13:30க்கு. ஒரு மணி நேரத்தில் நீரோட்டம் திரும்பிவிடும். மிச்சமிருக்கும் பத்தரை மைலை 3 நாட் வேகத்தில் இழுத்துக்கொண்டு திட்டுக்கு வரும்போது 18:00. உயர் ஓதம் முடிந்து இரண்டு மணி நேரம் ஆகிறது, வற்றுநீர் வேகமெடுத்து வெளியே பாய்கிறது. கிளம்பியது இரண்டேகால் மணி நேரம்தான் தாமதம், வந்து சேர்ந்ததோ மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதம். இரவல் நீரோட்டத்தை நம்பிப் போடும் திட்டத்தில் தாமதம் வட்டியோடு வளரும்.

07:15க்குக் கிளம்புகிற படகு முதல் ஒன்றேகால் மணி நேரம் எதிர்நீரில் போகிறது என்பதையும் கவனியுங்கள். புறப்படும்போதே நீர் சாதகமாக இருக்க வேண்டும் என்று காத்திருப்பது புதியவர்களின் பழக்கம். சாதகம் தேவைப்படுவது முனையில்.

அட்டவணையைப் படிப்பதில் வரும் தவறுகள் சின்னவை, ஆனால் ஒரு மணி நேரத்தையே விழுங்குபவை. சில அட்டவணைகள் உலகப் பொது நேரத்தில் இருக்கும், சில அந்நாட்டு நேரத்தில். கோடைக்காலத்தில் கடிகாரத்தை முன்தள்ளும் நாடுகளில் அந்த ஒரு மணி நேரம் அட்டவணையில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்காமல் கணக்குப் போடக் கூடாது. அட்டவணை எந்தத் துறைக்கு என்பதும் முக்கியம். சிறிய துறைகளுக்குப் பக்கத்துப் பெரிய துறையின் நேரத்தோடும் உயரத்தோடும் திருத்தம் சேர்க்க வேண்டும், அந்தத் திருத்தமும் பெரிய ஓதத்துக்கு ஒன்று, சிறிய ஓதத்துக்கு ஒன்று.

பன்னிரண்டு பங்கு விதியும் எங்கும் செல்லாது. ஓதம் சீராக ஏறி இறங்கும் இடங்களுக்குத்தான் அது. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் உயர் ஓதம் இரட்டையாக வரும். டோங்கின் வளைகுடாவில் நாளுக்கு ஒரே ஏற்றம், ஒரே வற்று. இப்படிப்பட்ட இடங்களில் அந்தத் துறைக்கென்று வரைந்த ஓத வளைகோட்டைத்தான் பார்க்க வேண்டும்.

காற்றழுத்தத்தைப் பலர் மறந்தேபோகிறார்கள். அட்டவணை சராசரி அழுத்தத்துக்குப் போட்டது, அதாவது ஏறக்குறைய 1013 ஹெக்டோபாஸ்கல். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு ஹெக்டோபாஸ்கலுக்கும் கடல்மட்டம் சுமார் ஒரு சென்டிமீட்டர் தாழும். நல்ல வெயிலும் 1033 அழுத்தமுமான அருமையான நாளில் மேலே சொன்ன திட்டின் மேல் 20 சென்டிமீட்டர் தண்ணீர் குறைவு, திறக்கும் நேரமும் கால் மணி நேரம் தள்ளிப்போகும். தரையிலிருந்து கடலை நோக்கிப் பலமான காற்று நாள்கணக்கில் அடித்திருந்தால் இன்னும் குறையும்.

அமாவாசை, பௌர்ணமி முடிந்து ஒன்றிரண்டு நாளில் ஓதம் பெரிது. அஷ்டமி கழிந்து ஒன்றிரண்டு நாளில் சிறிது. நீரோட்டத்தின் வேகமும் அதோடு கூடிக் குறையும், சிறிய ஓதத்தில் பெரும்பாலும் ஏறக்குறைய பாதிதான். இதில் பயனுள்ள ஒரு விஷயம் உண்டு. ஒரு துறையில் பெரிய ஓத நாள்களின் உயர் ஓதம் எப்போதும் ஏறத்தாழ அதே கடிகார நேரத்தில்தான் வரும். அது நண்பகல் என்றால், ஒரு வாரம் கழித்துச் சிறிய ஓத நாளில் நண்பகலில் தாழ் ஓதம். விடுமுறைத் தேதியைக் குறிக்கும்போதே நாட்காட்டியில் திதியைப் பார்த்துவிட்டால் பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

நீர்மட்டமும் நீரோட்டமும்

தண்ணீர் ஏறுவது நின்றதும் நீரோட்டமும் திரும்பிவிடும் என்று நினைப்பது மிகப் பரவலான தவறு. ஒடுங்கிய கழிமுகங்களில் அது ஓரளவு உண்மை. திறந்த கடலோரத்தில் உயர் ஓதம் முடிந்து இரண்டு, மூன்று மணி நேரம் கழித்தும் நீர் அதே திசையில் ஓடிக்கொண்டிருக்கலாம். சில கரைகளில் உயர் ஓத நேரத்தில்தான் ஓட்டம் மிக வேகம். மட்டத்துக்கு ஒரு அட்டவணை, ஓட்டத்துக்கு வேறு வரைபடத் தொகுப்பு. ஒன்றிலிருந்து இன்னொன்றை ஊகிக்கக் கூடாது. கரையை ஒட்டி நீர் பல சமயம் அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாகவே திரும்பிவிடும், வளைகுடாக்களின் உட்பக்கத்தில் எதிர்ச்சுழலும் இருக்கும். தெரிந்தவர்கள் அதைப் பயன்படுத்தி எதிர்நீரிலும் முன்னேறுவார்கள்.

இப்போது காற்று. 15 நாட் காற்றும் 2 நாட் நீரோட்டமும் ஒரே திசையில் போனால், மிதக்கும் படகுக்குத் தெரிவது 13 நாட் காற்று. நீர் திரும்பி காற்றை எதிர்த்து ஓடத் தொடங்கினால் அதே காற்று 17 நாட்டாகத் தெரியும். காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது, ஆகவே பாய் தாங்கும் விசை ஏறக்குறைய 70 சதவீதம் கூடிவிடுகிறது. முன்னறிவிப்பில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. அலைக்கு இன்னும் மோசம்: எதிர்நீர் அலைகளை நெருக்கி, உயர்த்தி, செங்குத்தாக்குகிறது. ஒரு மீட்டர் அலை என்று எழுதியிருந்த இடத்தில் படகின் முகப்பு ஒவ்வோர் அலையிலும் புதைந்து எழும், வேகம் 5லிருந்து 3க்கு விழும், நேரக் கணக்கு மொத்தமும் குலையும்.

முனைகளில் இது பல மடங்கு. நீர் நெருக்கப்பட்டு வேகமெடுப்பது அங்கே, காற்று வளைந்து பலப்படுவதும் அங்கே, அடித்தரை பெரும்பாலும் மேடுபள்ளமாக இருப்பதும் அங்கே. ஸ்காட்லாந்தின் பென்ட்லண்ட் நீரிணை போன்ற இடங்களில் நீரே 10 நாட்டைத் தாண்டி ஓடுகிறது, அங்கே பாய்ப்படகு நினைத்த பக்கம் போக முடியாது. நம் கணக்கில் 11:00 மணி என்பது நீரோட்டம் உச்சத்தில் இருக்கும் நேரம். காற்றும் அதே பக்கம் போனால் நல்லது. எதிரே 15 நாட்டுக்கு மேல் அடித்தால் அந்தத் திட்டம் செல்லாது. நீர் அசையாமல் நிற்கும் 08:30க்கு முனையைச் சுற்ற வேண்டும். அதற்கு எதிர்நீரில் 5 மணி நேரம், அதாவது 03:30க்குப் புறப்பாடு. அப்படி வந்தால் முகத்துவாரத்துக்கு 11:00க்கே வந்து, திட்டு திறக்கும் வரை வெளியே நங்கூரமிட்டுக் காத்திருக்க வேண்டும். அல்லது முனையிலிருந்து சில மைல் வெளியே விலகிப் போகலாம், தூரத்தைக் கூட்டிக்கொண்டு. இந்த இரண்டில் எதுவும் பிடிக்கவில்லை என்றால் அன்று போகாமலிருப்பதுதான் மூன்றாவது.

முன்னறிவிப்பை நம்பும் விதம்

மூன்று செயலிகளில் பார்த்தேன், மூன்றும் ஒரே மாதிரி சொல்கின்றன என்பார்கள். மூன்றும் அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் என்ற கணினி வானிலை மாதிரியையே வேறு வேறு வண்ணத்தில் காட்டிக்கொண்டிருக்கலாம். எந்தக் கணினி மாதிரி என்று பாருங்கள். ஜிஎஃப்எஸ்ஸையும் ஐரோப்பாவின் இசிஎம்டபிள்யூஎஃப்ஐயும் தனித்தனியே ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போவதோடு, நேற்று சொன்னதையே இன்றும் சொல்கின்றனவா என்றும் பாருங்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கதையை மாற்றும் முன்னறிவிப்பில், கடைசியாக வந்ததும் நம்பத்தக்கதல்ல.

உலகளாவிய மாதிரியின் கட்டம் பெரிது. ஜிஎஃப்எஸ் தருவது கால் பாகை இடைவெளியில், ஏறத்தாழ 28 கிலோமீட்டருக்கு ஒரு புள்ளி. முனையைச் சுற்றி காற்று பலப்படுவதும், மலையிடுக்கு வழியாகப் பாய்ந்து வருவதும், பிற்பகலில் கடற்காற்று சேர்ந்துகொள்வதும் அந்தப் புள்ளிகளுக்கு இடையில் நழுவிவிடும். வரைபடத்தில் 14 நாட் என்று காட்டும் பிற்பகலில் கரையோரம் 20 அடிப்பது ஆச்சரியமல்ல. காட்டும் எண்ணும் சராசரிதான், வீச்சு, அதாவது திடீரென அடிக்கும் பலத்த காற்று, அதைவிட 30 முதல் 50 சதவீதம் கூடுதலாக வருவது சகஜம். பாயைச் சுருக்குவது பற்றிய முடிவை வீச்சை வைத்து எடுங்கள்.

அலை உயரமும் அப்படியே. அறிவிப்பில் வருவது மிக உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. சில மணி நேரப் பயணத்தில் அதைப்போல் இருமடங்கு அலை ஒன்றிரண்டு வரும். உயரத்தை மட்டும் பார்த்துவிட்டு இடைவெளி நொடிகளைப் பார்க்காமல் விடுவது அடுத்த பிழை. 14 நொடி இடைவெளியில் வரும் ஒன்றரை மீட்டர் அலை நடுக்கடலில் தாலாட்டும், மணல்திட்டில் ஏறியதும் உயர்ந்து உடையும். எங்கோ தொலைவில் போன புயல் அனுப்பிய நெடு அலை, காற்றே இல்லாத நாளில்கூட ஒரு முகத்துவாரத்தை மூடிவிடும்.

நல்ல வானிலை எட்டு மணி நேரம் இருக்கும், பயணமும் ஏழரை மணி நேரம்தான் என்று இரண்டையும் விளிம்போடு விளிம்பு பொருத்துவார்கள். அந்த எட்டு மணி நேரத்தின் தொடக்கத்தில் பழைய கொந்தளிப்பு அடங்கியிருக்காது. முடிவில் வரவேண்டிய மோசமான காற்று நாலைந்து மணி நேரம் முன்னதாகவே வரலாம். ஏழரை மணி நேரப் பயணத்துக்குப் பன்னிரண்டு மணி நேரமாவது அமைதி வேண்டும், பயணத்தை அதன் முற்பாதிப் பக்கம் தள்ளி வைக்க வேண்டும். வழியில் காற்றழுத்தமானியை மணிக்கு ஒருமுறை குறித்து வையுங்கள். மூன்று மணி நேரத்தில் 3.5 ஹெக்டோபாஸ்கலுக்கு மேல் இறங்கினால் வேகமான இறக்கம். 6ஐத் தாண்டினால் செயலி என்ன சொன்னாலும் ஒதுங்கும் துறையைத் தேட வேண்டியதுதான்.

எதிர்க்காற்றில் தூரத்தை நேர்கோட்டில் அளப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 45 பாகையில் மாறி மாறி வளைந்து போனாலே 20 மைல் 28 ஆகும். பக்கவாட்டில் நழுவுவதையும் சேர்த்து 50 பாகை என்று வைத்தால் 31. நான்கு மணி நேர வேலைக்கு ஆறு மணி நேரம்.

ஒதுங்கும் துறை

மாற்றுத்துறை என்று வரைபடத்தில் வட்டமிட்டால் போதாது. எந்தக் காற்றில் அது தேவைப்படும் என்று யோசியுங்கள். மேற்குக்காற்று பலப்பட்டதால்தான் ஒதுங்குகிறீர்கள், மாற்றுத்துறையின் வாயும் மேற்கு பார்த்தே இருக்கிறது என்றால் அது மாற்று அல்ல. அலை நேராக வாயில் உடையும், காற்று படகைக் கரையை நோக்கித் தள்ளும். எந்த ஓதத்திலும் எந்த நேரத்திலும் நுழையக்கூடிய ஒரு துறையாவது பட்டியலில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அகலமான கடல்வெளிக்குப் போய் நேரம் கடத்தும் திட்டம் வேண்டும்.

திரும்பும் முடிவையும் கிளம்புமுன்பே எண்ணாக எழுதி வையுங்கள். களைத்த மூளை எப்போதும் இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்றுதான் சொல்லும். நம் கணக்கில் 10:30க்கு முனை 3 மைலில் இருக்க வேண்டும். வேகம் 4 நாட்தான் என்றால் 6 மைல் சொச்சத்தில் இருக்கும், பரவாயில்லை. அதே 4 நாட்டில் 8 மைலுக்கு மேல் மிச்சமிருந்தால் திட்டு மூடுமுன் போய்ச்சேர முடியாது. அந்த இடத்திலிருந்து திரும்புவதும் எளிதில்லை: திரும்பும் 12 மைலுக்கும் நீர் எதிர், 3 நாட்டில் 4 மணி நேரம், புறப்பட்ட இடத்தைத் தொட 14:30. அதனால் முதல் சோதனையை 09:30க்கு வையுங்கள். 11 மைல் வந்திருக்க வேண்டிய அந்த நேரத்தில் 8 மைலுக்குக் குறைவாக இருந்தால், பாய்க்காக வருத்தப்படாமல் இன்ஜினைப் போட்டு 5 நாட்டைப் பிடியுங்கள். இன்ஜின் இருந்தும் பிடிக்க முடியவில்லை என்றால், அப்போதே படகைத் திருப்பிவிடுங்கள்.